ஆம் என்போர்

மந்திரி பேசத் தொடங்கிக் கால்மணி நேரமாகிவிட்டது. இன்னும் கால்மணி பேசுவார். மைக் கிடைத்தால் விடுகிற ஆளா அவர். தையல்நாயகி மூன்றாவது வரிசையில் தூணோரத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, மேலே பார்க்காதே, மேலே பார்க்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே பார்த்தாள். பார்வையாளர் மாடத்தில் இரண்டாவது வரிசையில் மலர்க்கொடி. கத்தரிப்பூ நிறச் சேலை, இழுத்து வாரின தலை, பரீட்சைக்கு வந்தவள் மாதிரி இரண்டு கையும் மடியில். அவளுக்கு பாஸ் எழுதிக் கொடுத்தது தையல்நாயகிதான். எழுதாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கு பாஸ் கிடைக்கவில்லை, கூட்டம் ஜாஸ்தி என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் காலையில் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, ஒரே வேளையில் எத்தனைதான் சொல்வது. சபையில் இருப்பது ஒரே ஒரு தீர்மானம். தேவங்கரைத் துப்பாக்கிச் சூட்டை மறுபடியும் விசாரிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கொண்டுவந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சூடு. செத்தது மூன்று பேர், அதில் ஒருத்தி செங்கமலம், மலர்க்கொடியைப் பெற்றவள், தையல்நாயகியோடு ஒரே தெருவில் பிறந்து ஒரே குளத்தில் விழுந்து எழுந்தவள். மந்திரி முடித்ததும் சபாநாயகர் கேட்பார்: ஆம் என்போர்? மறுவிசாரணை வேண்டும் என்பவர்கள் ஆம் என்று குரல் கொடுக்க வேண்டும். இல்லை என்போர்? ஆளுங்கட்சி மொத்தமும் இல்லை என்று முழங்கும். தையல்நாயகி ஆளுங்கட்சி. கொறடா திருஞானம், கட்சிக்காரர்கள் எந்தப் பக்கம் குரல் கொடுக்க வேண்டும் என்று மேய்க்கிற மனுஷன், காலையிலேயே தாழ்வாரத்தில் வந்து பக்கத்தில் நின்றார். “அம்மா, நீங்க இல்லைன்னுகூட சொல்ல வேணாம். உங்க மனசு எனக்குத் தெரியாதா? சும்மா உக்காந்திருங்க, போதும். கூச்சல்ல யாரு என்ன சொன்னாங்கன்னு எந்தப் புண்ணியவான் பாக்கப்போறான்?” நல்ல மனுஷன்தான். அதுதான் வம்பே. கெட்டவன் சொன்னால் முறைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் மந்திரிசபையை மாற்றுகிறார்கள், உங்கள் பெயர் இருக்கிறது என்றும் காதோடு சொன்னார். மந்திரி! சேரியிலிருந்து ஒரு பொம்பளை மந்திரி! அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள், திருஞானத்துக்குத் தெரியாத கணக்கு. எதிர்க்கட்சியில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஆம் என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்குள் தன்னுடையதையும் போட்டுவிட வேண்டும். கீழே ஒருத்தருக்கும் கேட்காது. மேலேயிருந்து பார்க்கிறவளுக்கு வாய் அசைவது தெரியும். அது போதும்.

அது போதுமா? காலையில் எம்.எல்.ஏ. விடுதி அறையில் மலர்க்கொடி சீப்பை வாயில் கவ்விக்கொண்டு பின்னலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இட்லிப் பொட்டலம் பிரித்தபடி இருந்தது. ராத்திரி பஸ்ஸில் வந்தவள், கண் சிவந்திருந்தது, இருந்தும் பேச்சு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மேட்ரன் படுத்துகிற பாடு, மெஸ் சாம்பாரில் மிதக்கிற பல்லி, பிரசவ வார்டில் முதன்முதலாக இவள் கையில் விழுந்த குழந்தை. கேட்கக் கேட்கத் தையல்நாயகிக்கு நெஞ்சு நிறைந்தது. ஒன்பது வயதில் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்த பிள்ளை. ஹாஸ்டலில் சேர்த்து, லீவுக்கு லீவு கூட்டி வந்து, பேன் பார்த்து, வயசுக்கு வந்ததுக்குப் புட்டு சுற்றி, நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டு, எல்லாம் செய்தது இந்தக் கைதான். சின்னம்மா சின்னம்மா என்று அது வாய்க்கு வாய் கூப்பிடும்போது தனக்குப் பிள்ளை இல்லை என்பதே மறந்துபோகும். அப்படிப் பேசிக்கொண்டே இருந்தவள் சீப்பை எடுத்துவிட்டு, என்னமோ உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். “ஏன் சின்னம்மா, அப்ப அம்மா விஷயம் இங்க வந்துச்சே, அம்மா மேலயே பழி போட்ட கமிஷன் ரிப்போர்ட்ட ஏத்துக்கணும்னு, அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க?” பன்னிரண்டு வருஷமாகக் கேட்காதவள். ஊரில் எவனாவது ஊதியிருப்பானோ. தையல்நாயகி இன்னொரு இட்லியைப் பிட்டாள். “என்ன சொல்லுவேன். இல்லைன்னுதான் சொன்னேன்.” எவ்வளவு சுளுவாக வந்தது பாருங்கள். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. “அத்தன பேருக்கு நடுவுலயா?” “அத்தன பேருக்கு நடுவுலதான்.” “எனக்குத் தெரியும் சின்னம்மா” என்று சொல்லிவிட்டுப் பெண் மறுபடி தலை வாரத் தொடங்கிவிட்டாள். எனக்குத் தெரியும் என்றால் என்ன அர்த்தம்? நம்பிவிட்டாள் என்று அர்த்தம். வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? நம்பிவிட்டாள், அவ்வளவுதான், அதைப் போட்டு ஏன் குடைய வேண்டும்.

“குடையாம என்னடி செய்வே” என்றாள் செங்கமலம். வந்துவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரருக்குச் சர்க்கரை வியாதி, வாரத்தில் மூன்று நாள் வரமாட்டார், அவர் வராத நாளெல்லாம் இவள் வந்து உட்கார்ந்துகொள்வாள். தோல் மெத்தை வைத்த நாற்காலியில் காலைத் தூக்கிக் குந்தவைத்து உட்காருவாள். ஈரச்சேலை. வாய்க்கால் சேற்று வாடை. யாருக்கும் தெரியாது, யாரும் மூக்கைப் பொத்துவதில்லை, தையல்நாயகி மட்டும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவாள். சளிப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். செங்கமலம் திட்டுவதும் இல்லை, அழுவதும் இல்லை, அவள் உயிரோடு இருந்தபோதே அதற்கெல்லாம் நேரம் இல்லாதவள். ஒரே ஒரு கேள்விதான். நீ என்னடி சொன்னே தையலு? அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக அதே கேள்வி, பட்ஜெட் அன்றைக்கும் அதே கேள்வி, கவர்னர் உரை அன்றைக்கும் அதே கேள்வி. நான் ஒன்றும் சொல்லவில்லையடி, வாயைத்தான் அசைத்தேன் என்பாள் இவள். சரி என்று போய்விடுவாள். மறுநாள் வந்து மறுபடியும் கேட்பாள். செத்தவர்களுக்கு ஞாபகம் நிற்காதோ என்னவோ. மந்திரி தண்ணீர் குடித்தார். “அன்றைய தினம் சுமார் இருநூறு பேர் கொண்ட கூட்டம் தடையை மீறி...” என்று மறுபடி காகிதத்தைப் பார்த்து ஆரம்பித்தார். தடையாம். என்ன தடை? ஐப்பசி அடைமழை. சேரியில் ஒரு கிழவர் செத்துப்போனார். சுடுகாட்டுக்குப் போக சேரிக்காரர்களுக்கு என்று ஒதுக்கின வழி வாய்க்காலுக்குள் இறங்கி ஏறுகிற வழி. அன்றைக்கு வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீர். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பாடையைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெரு வழியாகப் போகிறோம் என்று கிளம்பினார்கள். ஊர்க்காரர்கள் தெருமுனையில் கட்டையைப் போட்டு மறித்தார்கள். போலீஸ் வந்தது. பொம்பளைகள் மயானத்துக்குப் போகிற வழக்கம் இல்லை, ஆனால் வழி கேட்கப் போகலாம் இல்லையா, செங்கமலம் முன்னால் போய் நின்றாள். “பொணத்தத் தண்ணியில மெதக்க விடச் சொல்றியா?” என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டாள். ஒரு போலீஸ்காரனைப் பார்த்து அவள் வாழ்நாளில் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மூன்று குண்டு. பாடையைத் தூக்கினவர்கள் பாடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மழையில் மூன்று பிணமும் முதல் பிணமும் நாலுமாகக் கிடந்தது. அப்போது தையல்நாயகி எங்கே இருந்தாள்? இங்கே. இதே தலைநகரில். எம்.எல்.ஏ.வாகி எட்டு மாதம்.

அவள் எம்.எல்.ஏ. ஆனதில் அவள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. தொகுதி தனித்தொகுதி ஆயிற்று. சேரி ஜனத்துக்கு ஒதுக்கினது. கட்சிக்கு அந்த ஜனத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. படித்திருக்க வேண்டும், ஆனால் ரொம்பப் பேசக்கூடாது. அவள் எஸ்.எஸ்.எல்.சி., டீச்சர் டிரெய்னிங், சேரிப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷ வேலை, புருஷன் செத்து நாலு வருஷம். பண்ணையாரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுச் சொன்னார், வாசலில் நிற்கவைத்துத்தான். “நீதான் நிக்கறே.” நிற்கிறாயா என்று கேட்கவில்லை. “ஆமாங்க ஆண்டே” என்று அவள் அம்மா பின்னாலிருந்து பதில் சொன்னாள். அந்த வீட்டு வாசலில் அவர்கள் பரம்பரையில் ஒருத்தரும் வேறு பதில் சொன்னது கிடையாது. ஆனாலும் ஜெயித்தாள்! ஜெயித்தது ஜெயித்ததுதான். பேப்பரில் சேரியிலிருந்து முதல் பெண் என்று போட்டோ வந்தது, மூக்கு கோணலாக. இந்தச் சபை வாசற்படியில் கால் வைத்த அன்றைக்குச் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தடுமாறினாள், பிறகு வேண்டாம் என்று உள்ளே போனாள். காண்டீனில் டீ வைக்கிறவன் மற்றவர்களுக்குக் கையில் கொடுப்பான், அவளுக்கு மேஜையில் வைப்பான். பெண்கள் கழிவறை எந்தக் கோடியில் இருக்கிறது என்று யாரையும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கொண்டு இருந்தாள். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. முதல் குரல் வாக்கெடுப்பு. ஆம் என்போர் என்று சபாநாயகர் கேட்டார். எல்லோரும் ஆம் என்றார்கள். ஆம் என்று பேச்சில் யார் சொல்கிறார்கள், அது புஸ்தகத்துச் சொல். அவள் வாயிலிருந்து, எல்லோரும் சொல்லி முடித்து ஒரு நொடி கழித்து, நல்ல கணீரென்று வந்தது: “ஆமாங்க!” சபை குலுங்கச் சிரித்தது. முதல்வர் சிரித்தார், எதிர்க்கட்சி சிரித்தது, சுருக்கெழுத்து எழுதுகிற அம்மாள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். ஒரு வாரப் பத்திரிகையில் கார்ட்டூன் போட்டார்கள், அவள் கைகட்டிக்கொண்டு நிற்கிறாள், கீழே அந்த வார்த்தை. என்ன தப்பு? ஒரு மரியாதைதானே? வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுத்தாள்? ஆனால் அன்றைக்கு அவர்கள் சிரித்தது அவளைப் பார்த்து மட்டும் இல்லை. வாசலில் நின்ற அம்மாவையும் அவளுக்குப் பின்னால் நின்ற எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள், அது அவளுக்கு ராத்திரி படுத்த பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து குரல் வாக்கெடுப்பு என்றால் வாயை மட்டும் அசைப்பாள். பேச வேண்டிய நேரத்தில் பேசுவாள், நன்றாகவே பேசுவாள். பதினாறு ஹாஸ்டல் அவள் பேசி வந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் வாய்க்குள்ளேயே.

ஆகவே ரிப்போர்ட்டு வந்த அன்றைக்கும் வாயை மட்டும்தான் அசைத்தாள். அது நிச்சயம். கூட்டம் கல் எறிந்தது, போலீஸ் தற்காப்புக்காகச் சுட்டது, செங்கமலம் என்ற பெண் முதல் கல்லை எறிந்தாள் என்று கமிஷன் எழுதியிருந்தது. அந்த அறிக்கையை இந்த அவை ஏற்றுக்கொள்கிறது என்று தீர்மானம். அன்றைக்கு ஆம் என்றால் செங்கமலம் கல் எறிந்தாள் என்று அர்த்தம். இன்றைக்கு ஆம் என்றால் எறியவில்லை, மறுபடி விசாரியுங்கள் என்று அர்த்தம். ஒரே வார்த்தை! அதைப் போய் எப்படித்தான் வைத்திருக்கிறார்களோ. செங்கமலம் கல் எறிய மாட்டாள். எறியவே தெரியாது அவளுக்கு. சின்ன வயதில் மாங்காய் அடிக்கப் போனால் கல் பின்பக்கமாகப் போகும், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அது தையல்நாயகிக்குத் தெரியும், இந்தச் சபையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எழுந்து சொல்லியிருக்கலாம். அந்தப் பொம்பளைக்குக் கல் எறியத் தெரியாதுங்க என்று. சிரிப்பார்கள். சிரிப்பார்கள் என்றுதான் எழவில்லை. இல்லை, கட்சி நீக்கிவிடும் என்றுதான் எழவில்லை. இல்லை, நீக்கிவிட்டால் சேரிக்குக் கேட்க ஆள் இல்லாமல் போகும் என்றுதான். எத்தனை காரணம்! எல்லாமே நல்ல காரணம்! அடுத்த வருஷமே வாய்க்காலுக்குப் பாலம் வந்தது. அவள் கேட்டாள், உடனே கொடுத்தார்கள். கேட்ட மாத்திரத்தில் ஏன் கொடுத்தார்கள் என்று அவளுக்கும் தெரியும், கொடுத்தவர்களுக்கும் தெரியும். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் அவள் பெயர் போட்ட கல் இருக்கிறது. சேரியில் எவர் செத்தாலும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கால் நனையாமல். அதுவும் வேண்டியதுதானே? வேண்டாம் என்று செங்கமலம் சொல்வாளா? “நான் பாலத்தப் பத்தியா கேட்டேன்” என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்து. வாயைத்தான் அசைத்தேன். வாய் எப்படி அசைந்தது தையலு? அசைந்தது. மூடித் திறந்ததா, திறந்து மூடிச்சா? ஆம் என்றால் திறந்து மூட வேண்டும், இல்லை என்றால் திறந்தபடியே நிற்கும். போடி, பன்னிரண்டு வருஷம் கழித்து உதட்டைக் கேட்டால் உதடு என்ன சொல்லும். குரல் வந்ததா? வரவில்லை. வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரியாதா?

“...செத்தவர்களைத் தோண்டி எடுத்து அரசியல் செய்கிற நரிகள்” என்று மந்திரி சொல்லிவிட்டார். அவ்வளவுதான், எதிர் வரிசையில் நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள். நரி என்று சொன்னதைத் திரும்பப் பெறு! பெற முடியாது! அவைக் குறிப்பிலிருந்து நீக்கு! பார்த்துச் சொல்கிறேன், உட்காருங்கள்! சபாநாயகர் மணியை அடித்தார். காகிதம் பறந்தது. தையல்நாயகி இப்படி நூறு தடவை பார்த்திருக்கிறாள், அடுத்து என்ன என்று மனப்பாடம். ஆனால் இன்றைக்கு அது அவள் மண்டையில் உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. வெளிநடப்பு! ஐயையோ, வெளிநடப்புச் செய்யப் போகிறார்கள்! தீர்மானத்தைக் கொண்டுவந்த ஆளே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார். ஏன்யா, உன் தீர்மானம்யா, உட்காருய்யா, ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து ஆம் என்று சொல்லிவிட்டுப் போய்யா என்று அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவர்களுக்கு என்ன, வெளியில் பத்திரிகைக்காரர்கள் நிற்கிறார்கள், போட்டோ எடுப்பார்கள், தேவங்கரை நாளைக்குப் பேப்பரில் வந்தால் சரி. ஒருத்தர் பின் ஒருத்தராகக் கதவைத் தாண்டினார்கள். கடைசியாகப் போனவர் கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார், எடுத்துக்கொண்டு போனார். எதிர் வரிசை முழுக்கக் காலி. விசிறி மட்டும் சுற்றியது. அவளுடைய கணக்கு இருந்த இடமே தெரியவில்லை. எந்தச் சத்தத்துக்குள் போட்டு ஒளிப்பது? சத்தமே இல்லையே. இப்போது ஆம் என்றால் ஒற்றைக் குரல். சபை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். திருஞானம் முன் வரிசையிலிருந்து திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். தப்பித்தீர்கள் அம்மா என்கிற சிரிப்பு. உண்மைதான், தப்பித்தாயிற்று. ஆம் என்போர் என்று கேட்பார்கள், யாரும் இருக்கமாட்டார்கள், முடிந்தது கதை. மலர்க்கொடியிடம் சொல்லிக்கொள்ளலாம். பார்த்தியாடி, அவனுங்களே ஓடிட்டானுங்க, நான் ஒருத்தி என்ன செய்ய? எவ்வளவு நியாயமான பேச்சு. அவள் நம்புவாள். எதைச் சொன்னாலும் நம்பும் அது. மேலே பார்க்காதே. பார்த்தாள். மலர்க்கொடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள், காவலர் வந்து கையை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் எடுக்கவில்லை.

“தீர்மானத்தை வாக்குக்கு விடுகிறேன்” என்றார் சபாநாயகர். அவசரம் அவருக்கு, மணி ஒன்றாகப் போகிறது, சாப்பாட்டு நேரம். “தேவங்கரைச் சம்பவம் குறித்து மறுவிசாரணை நடத்த வேண்டும் என்ற தீர்மானத்தை ஏற்பவர்கள், ஆம் என்போர்?” கேட்டுவிட்டு, பதில் இருக்காது என்று தெரிந்து, அடுத்த காகிதத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார். செங்கமலம் ஒன்றும் கேட்கவில்லை. சேற்று வாடை மட்டும் மூக்குக்குள் ஏறியது. மந்திரி பதவி. பாலம். பதினாறு ஹாஸ்டல். இன்னும் ஹாஸ்டல் கட்டலாம், முப்பது கட்டலாம், மந்திரியானால் ஊர்த்தெருவிலேயே கட்டலாம், அதையெல்லாம் ஒரு வார்த்தைக்காகப் போட்டு உடைக்கலாமா, யாராவது புத்தியுள்ளவள் செய்வாளா, பேசாமல் இரு, சும்மா உட்கார்ந்திரு, சொல்லாதே. “ஆம்” என்றாள். அவள்தான் சொன்னாள். மரத்தடியில் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பழகின டீச்சர் குரல், சுவரில் மோதித் திரும்பி வந்தது. காகிதம் புரட்டுவது நின்றது. நூற்றைம்பது தலை திரும்பியது. திருஞானத்தின் சிரிப்பு முகத்திலேயே மறந்துபோய் இருந்தது. சபாநாயகர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அவரும் நல்ல மனுஷன்தான், எல்லோரும் நல்ல மனுஷர்கள்தான் இங்கே. “மாண்புமிகு உறுப்பினர் கவனிக்காமல் சொல்லிட்டாங்கன்னு நெனைக்கறேன்” என்றார் சிரித்தபடி. யாரோ ஒருத்தர் பழைய ஞாபகத்தில் களுக்கென்றார். “மறுபடி கேக்கறேன். அம்மா நல்லாக் கேட்டுக்குங்க. மறுவிசாரணை வேண்டும் என்பவர்கள்தான் ஆம் சொல்லணும். ஆம் என்போர்?” வழி விட்டார். எவ்வளவு பெரிய வழி, பாடையே தூக்கிக்கொண்டு போகலாம். தையல்நாயகி எழுந்து நின்றாள். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “ஆம்” என்றாள் மறுபடியும். அப்போதுதான் அது நடந்தது. தன் குரலைத் தானே காதால் கேட்டாள். அடி ஆத்தி, இந்தக் குரலை எனக்குத் தெரியுமே! இதே நீட்டல், இதே நடுக்கம், இதே மாதிரி சுவரில் மோதித் திரும்பி வந்ததே! ரிப்போர்ட்டு அன்றைக்கும் வந்தது. வெறுமனே வாய் அசைக்கவில்லை அன்றைக்கு, வாய்விட்டே சொன்னாள். சிரித்தவர்களுக்கு முன்னால் ஒரு தடவையாவது சரியாகச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று, ‘ங்க’ போடாமல், திருத்தமாக, எல்லோரும் சொல்கிற அதே நொடியில், ஆம் என்று சொன்னாள். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. சந்தோஷம்! செங்கமலம் கல் எறிந்தாள் என்பதற்கு ஆம் சொல்லிவிட்டு, உச்சரிப்புச் சரியாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். அதை எங்கே கொண்டுபோய்ப் புதைத்து வைத்திருந்தாள் இத்தனை வருஷம்? “இல்லை என்போர்?” சபை இடிந்து விழுகிற மாதிரி ஒரு இல்லை. “இல்லை என்போரே அதிகம். தீர்மானம் தோற்றது. அவை உணவு இடைவேளைக்காகக் கலைகிறது.” பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். வெறும் தோல் மெத்தை. ஈரம்கூட இல்லை. கேட்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று போய்விட்டாள் போல.

வெளியே வரும்போது யாரும் அவளோடு பேசவில்லை. திருஞானம் மட்டும், “என்னம்மா இது, இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று கோபத்தைவிட வருத்தமாகச் சொல்லிவிட்டு வேகமாகப் போனார். மாடிப்படிக்குக் கீழே மலர்க்கொடி நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருக்கிறாள், மூக்கு நுனி சிவந்திருந்தது. “சின்னம்மா! கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?” என்று நர்ஸ் பழக்கத்தில் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தாள். “ரெண்டு தடவ சொன்னீங்க சின்னம்மா. அத்தன பேரும் உங்களையே பாக்கறான், அவரு வேற மாத்திச் சொல்லச் சொல்றாரு, நீங்க எந்திரிச்சு நின்னீங்க. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. அன்னிக்கும் இப்படித்தானே சொல்லியிருப்பீங்க? ஒண்டியா?” வாசல் சிப்பந்தி குனிந்து, “எம்.எல்.ஏ. அம்மா, வண்டி சொல்லட்டுங்களா?” என்றான். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினாள். ஆமாம் என்று சொன்னால் போதும். இப்போது யார் நம்பமாட்டார்கள்? இன்றைக்கு எழுந்து நின்றவள் அன்றைக்கும் நின்றிருப்பாள் என்று ஊரே நம்பும். இந்தப் பெண் சாகிறவரைக்கும் நம்பும். தலை வாரிக்கொண்டே, பேன் பார்க்கச் சொல்லிக்கொண்டே, கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுக்கச் சொல்லிக்கொண்டே நம்பும். “இல்லடி” என்றாள். “என்ன சின்னம்மா இல்ல?” “காலையில உங்கிட்டப் பொய் சொன்னேன். அன்னிக்கு நான் ஆம்னேன். உங்கம்மா மொதக் கல்ல எறிஞ்சான்னு எழுதியிருந்த காயிதத்துக்கு ஆம்னேன். பயத்துல வாய அசைச்சேன்னு எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தேன். அதுவும் பொய். சத்தமாத்தான் சொன்னேன். திருத்தமாச் சொன்னேன்டி.”

மலர்க்கொடி விரலை உடனே எடுக்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நாடியை எண்ணி முடிக்கிறவள் மாதிரி. பிறகு அந்தக் கையை, வார்டில் படுத்திருக்கிற யாரோ ஒருத்தருடைய கையை வைப்பது போலப் பக்குவமாகக் கீழே விட்டாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை என்று இருந்தது தையல்நாயகிக்கு. ஓர் அறை விட்டால்கூட வாங்கிக்கொள்ளலாம். “அம்மாவுக்குக் கல்லே எறியத் தெரியாதுன்னு நீங்கதான சொல்வீங்க” என்றாள் மெதுவாக, கேள்வி மாதிரியும் இல்லாமல். “தெரியாதுதான்டி. தெரியாதுதான்.” வெளியே எதிர்க்கட்சிக்காரர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள், தேவங்கரைக்கு நியாயம் வேண்டும் என்று, போட்டோக்காரன் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். மலர்க்கொடி கைப்பையைத் தோளில் மாட்டினாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க.” “சாயந்திரம்தானேடி பஸ்ஸு. வா, காண்டீன்ல ஒரு வாய் சாப்பிட்டுட்டு...” “வேணாங்க.” சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், இரண்டு அடி தள்ளி நின்றாள், மனுக் கொடுக்க வருகிறவர்கள் நிற்கிற அளவு தூரத்தில், அங்கிருந்து கையைக் கூப்பினாள்.

“நான் வர்றேங்க, எம்.எல்.ஏ. அம்மா.”